சம்பளம் ஏறுது சரி, தூங்குறது எப்போ?

கொஞ்சம் நீளமான த்ரெட். ட்ரெயின்லயோ கம்பெனி பஸ்லயோ உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்கன்னா இது உங்களுக்குத்தான். நின்னுக்கிட்டே படிக்கிறவங்களுக்கு இன்னும் பொருந்தும்.

"டாக்டர், இப்போ வாங்குறதை விட 12,000 ரூபாய் கூட தர்றாங்க. ஆனா தூரம். போகலாமா?"

இது ஒரு மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். அது ஹெச்.ஆர். விஷயம், வீட்டு விஷயம், நமக்கெதற்கு என்று விட்டுவிடுவேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. காரணம் ஒரு நோயாளி. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்.

வயது 34. கூடுவாஞ்சேரியில் சொந்த வீடு (அதாவது இப்போதைக்கு பேங்க்குக்குச் சொந்தமான வீடு). தாம்பரத்தில் வேலை, சம்பளம் 38,000. வீட்டு வாசலில் இருந்து ஆபீஸ் வாசலுக்கு அரை மணி நேரம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டோடு வந்திருந்தார். ஹெச்பிஏ1சி 6.1. இந்த எண் 5.7-ல் இருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். அவர் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.

நான் எல்லாரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. ராத்திரி எட்டு மணிக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடுங்க. ஏழு மணி நேரம் தூங்குங்க. மாத்திரை வேண்டாம், இதைச் செஞ்சாலே பாதிப் பேருக்கு எண் இறங்கும்னு தைரியம் சொன்னேன்.

கிளம்பும்போது எழுந்து நின்றபடி, "சார், அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை கிடைச்சிருக்கு, 50,000" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நானும், "வாழ்த்துகள் தம்பி, நல்லா வாங்க"ன்னு கை குலுக்கி அனுப்பினேன்.

பிரிஸ்கிரிப்ஷனில் மூன்று அறிவுரை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மூன்றையும் சாத்தியமில்லாமல் செய்யப்போகிற ஒரு விஷயத்துக்கு அதே நிமிடத்தில் வாழ்த்தும் சொல்லியிருக்கிறேன். அது எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

14 மாதம் கழித்து வந்தார். ஹெச்பிஏ1சி 7.4. பிபி 146/94. எடை ஆறு கிலோ கூடியிருந்தது.

"நடக்குறீங்களா?"

"எப்போ சார்?"

இதைத் திமிராகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல், நானாவது ஒரு நேரம் சொல்வேனா என்று கேட்டார். சரி, உங்க நாளைச் சொல்லுங்க என்று நோட்பேடை எடுத்தேன்.

5:15-க்கு எழுந்திருக்கிறார். மோட்டார் போடணும், பாப்பாவைக் கிளப்பணும். 6:40-க்கு வீட்டை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன். அங்கிருந்து பார்க் ஸ்டேஷன். ரோட்டைத் தாண்டி சென்ட்ரல் பக்கம் ஓடி, ஆவடி போகும் லோக்கல் பிடித்து பட்டரவாக்கம். மறுபடி ஷேர் ஆட்டோ. வேலை 9-ல் இருந்து 6 வரை. திரும்பும்போது கூட்டம் அதிகம். ஒரு வண்டியை விட்டால் கனெக்‌ஷன் போச்சு. வீட்டுக்குள் கால் வைக்கும்போது 8:30, பல நாள் 9. குளித்து, சாப்பிட்டு, பாப்பாவோடு கொஞ்ச நேரம், மனைவியோடு நாலு வார்த்தை, அதிலும் ரெண்டு வார்த்தை இஎம்ஐ பற்றி. படுக்கும்போது பதினொன்றே முக்கால்.

கூட்டிப் பாருங்க. தூக்கம் ஐந்தரை மணி நேரம். அதுவும் படுத்தவுடன் தூங்கினால்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம். அதில் வேலை 9 மணி நேரம், அதை நீங்கள் குறைக்க முடியாது. பயணம் 4 மணி நேரம், அது ரயில்வே கையில் இருக்கு. குளியல், சாப்பாடு, குழந்தை, கடை, கரண்ட் பில், இதெல்லாம் எப்படிச் சுருக்கினாலும் ஒரு நாலு மணி நேரம் தின்றுவிடும். ஆக, யாரிடமும் அனுமதி கேட்காமல் கைவைக்கக்கூடிய ஒரே இடம் தூக்கம். பெரியவர்களுக்கு குறைந்தது ஏழு மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பதுதான் தூக்க மருத்துவ அமைப்புகளின் பரிந்துரை. அந்த ஏழில் இருந்து ஒன்றரை மணி நேரத்தை உருவித்தான் நீங்கள் அந்த 12,000 ரூபாயை வாங்குகிறீர்கள். ஆஃபர் லெட்டரில் இது எழுதியிருக்காது.

"ஒன்றரை மணி நேரம் குறைஞ்சா என்ன டாக்டர், பழகிடும்" என்பவர்களுக்கு ஒரு ஆய்வு சொல்கிறேன். 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆரோக்கியமான 11 இளைஞர்கள். சர்க்கரை கிடையாது, தொப்பை கிடையாது. ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். அவ்வளவுதான். குளுக்கோஸைக் கையாளும் திறன் அந்த இளைஞர்களிடமே தெளிவாகக் குறைந்தது. மாலையில் இறங்க வேண்டிய கார்டிசால் ஹார்மோன் இறங்காமல் நின்றது. ஐந்தரை மணி நேரம் தூங்குபவருக்கும் அதே அளவு பாதிப்பு வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஆறு இரவு. நீங்கள் ஆறு வருடம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தம்பிக்கு சுகர் வந்ததற்கு ரயில் மட்டும் காரணம் என்று எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க முடியாது. அவர் அப்பாவுக்கும் சுகர். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அதற்கு முந்தைய நிலையில் இருக்கிறார்கள் என்று 2023-ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அத்தனை பேரும் கூடுவாஞ்சேரியில் இருந்து அம்பத்தூர் போகிறவர்கள் இல்லை. ஆனால் எல்லையில் நின்றவரைப் பிடித்துத் தள்ளியது எது என்று கேட்டால், நான் அந்த டைம்டேபிளைத்தான் காட்டுவேன்.

சரி, உடம்பை விடுங்க. பணமாகவே பேசுவோம். ஏனென்றால் "பணம் கூட வருதே" என்ற வாதமே எனக்குச் சந்தேகமாக இருக்கு.

பழைய வேலை: 9 மணி நேரம் வேலை, ஒரு மணி நேரம் பயணம். ஆக 10 மணி நேரம். மாதம் 26 நாள், 260 மணி நேரம். 38,000-ஐ வகுத்தால் மணிக்கு 146 ரூபாய்.

புது வேலை: 9 கூட்டல் 4, ஆக 13 மணி நேரம். மாதம் 338 மணி நேரம். 50,000-ஐ வகுத்தால் மணிக்கு 148 ரூபாய்.

பாத்தீங்களா, ரெண்டு ரூபாய் இன்கிரிமென்ட்.

இன்னும் முடியல. ட்ரெயின் சீசன் டிக்கெட் மலிவுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் ஷேர் ஆட்டோ, மாதம் கிட்டத்தட்ட 2,000. காலையில் வீட்டில் சாப்பிட நேரமில்லாததால் கடையில் பூரியோ பொங்கலோ. சாயங்காலம் பசி தாங்காமல் டீயும் பஜ்ஜியும். அது ஒரு 2,500. இந்த 4,500-ஐக் கழித்தால் கையில் நிற்பது 45,500. மணிக்கு 135 ரூபாய்.

சம்பளம் ஏறிடுச்சுன்னு ஊரெல்லாம் ஸ்வீட் கொடுத்தோம். உண்மையில் ஒரு மணி நேரத்துக்கான கூலி 11 ரூபாய் குறைஞ்சிருக்கு.

வேறு விதமாகவும் பார்க்கலாம். கூடுதலாகக் கிடைப்பது நிகரமாக 7,500. அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது மாதம் 78 மணி நேரம். அதாவது எட்டரை வேலை நாளுக்கு மேல். மணிக்கு 96 ரூபாய். "தம்பி, உன் ஞாயிற்றுக்கிழமையையும் தா, மணிக்கு 96 ரூபாய் தர்றேன்"னு யாராவது கேட்டா செருப்பைத் தேடுவோம். அதையே வேறு பெயரில் கேட்டால் கையெழுத்துப் போடுகிறோம்.

இதில் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேப் டெஸ்ட், என் கன்சல்டேஷன் ஃபீஸ் எதையும் சேர்க்கவில்லை.

பொருளாதாரப் பாடப்புத்தகம் என்ன சொல்லும் தெரியுமா? தூரமாகப் போகிறவருக்கு ஒன்று சம்பளம் அதிகமாகக் கிடைக்கும், அல்லது வாடகை குறையும், அதனால் கணக்கு சரியாகிவிடும், மனுஷன் சந்தோஷமாகத்தான் இருப்பான் என்று. அலோய்ஸ் ஸ்டட்சர், புருனோ ஃப்ரை என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகள் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதைச் சோதித்து, 2008-ல் வெளியிட்டார்கள். கணக்கு சரியாகவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது. சம்பளமோ வீடோ அதை ஈடுகட்டவில்லை. ஜெர்மனி ரயிலுக்கே இந்த நிலைமைன்னா, காலை ஏழரை மணிக்கு தாம்பரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் ஏமாறுகிறோம் என்றால், சம்பளம் ஒரு எண். மாதா மாதம் போனில் மெசேஜாக வருது. மாமனாரிடம் சொல்லலாம், மேட்ரிமோனியில் போடலாம். போன தூக்கத்துக்கு எந்த மெசேஜும் வராது. அது மெசேஜ் அனுப்பும்போது என் லேபில் இருந்துதான் வரும்.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில்: "எங்கப்பா அரக்கோணத்துல இருந்து மெட்ராஸுக்கு முப்பது வருஷம் போய்ட்டு வந்தார். ஒண்ணும் ஆகல."

அப்பாவுக்கு வணக்கம். ஆனா சில கேள்விகள். அவர் வீட்டுக்கு வரும்போது சாப்பாடு தயாரா இருந்துச்சா? பிள்ளைங்க ஹோம்வொர்க் முடிஞ்சிருந்துச்சா? ரேஷன், கேஸ், கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் யார் பார்த்தாங்க? அப்பா ரயிலில் போன நாலு மணி நேரத்தை அம்மா வீட்டில் வட்டியோடு கட்டியிருக்காங்க. தவிர, அவருக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆபீஸில் இருந்து வாட்ஸ்அப் வரவில்லை. வண்டியில் அதே நாலு பேர், அதே சீட்டுக்கச்சேரி. அது ஒரு வாழ்க்கை. இன்றைக்கு நாம் போனைப் பார்த்துக்கொண்டே போவது வேறு. அப்புறம், அந்த அப்பாவின் சுகர் இப்போ எவ்வளவு என்றும் கேட்டுச் சொல்லுங்க.

இன்னொரு பதில்: "நின்னுக்கிட்டே தானே போறேன், எக்சர்சைஸ் தானே?" இல்லை. 1953-ல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் டபுள் டெக்கர் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களை விட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய நோய்கள் குறைவு. ஆனால் அந்த கண்டக்டர்கள் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் அக்குளுக்குக் கீழே அசையாமல் நிற்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் 4,297 பேரை வைத்து 2012-ல் வந்த ஆய்வு, வேலைக்குப் போகும் தூரம் கூடக் கூட உடல்தகுதி குறைவாகவும், இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் அதிகமாகவும் இருப்பதைக் காட்டியது. அவர்களில் பெரும்பாலோர் கார்காரர்கள். நம்ம ஊர் கதை வேறு மாதிரி இருக்கலாம், ஆனால் அதைவிட நல்லதாக இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போ பெண்களுக்கு வருவோம். இதைச் சொல்லத்தான் பாதி த்ரெட்டே.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் என் கிளினிக்குக்கு நிறைய வருகிறார்கள். நீர்க்கடுப்பு, திரும்பத் திரும்ப யூரினரி இன்ஃபெக்‌ஷன், சில பேருக்குக் கல். நான் ஆன்டிபயாட்டிக் எழுதி, "நிறைய தண்ணி குடிங்கம்மா" என்பேன். ஒருமுறை ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "தண்ணி குடிச்சா எங்க சார் போறது? பஸ்ல ரெண்டு மணி நேரம். வண்டி எங்கயும் நிக்காது."

காலை நாலரைக்கு எழுந்ததில் இருந்து தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் ஏறுவதற்கு முன் காபி கூட இல்லை. சாயங்காலம் ஷிஃப்ட் முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீர் பாட்டிலை மூடி வைத்துவிடுவார். மாதவிடாய் நாளில் எப்படி என்று நான் கேட்கவில்லை. அவர் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. சித்திரை, வைகாசி வெயிலில், ஏசி இல்லாத பஸ்ஸில், உடம்பு வேண்டுமென்றே வறட்சியில் வைக்கப்படுகிறது. சிறுநீர் கெட்டியாகத் தேங்கினால் கிருமிக்கும் வசதி, கல்லுக்கும் வசதி. இதற்கு நான் எழுதும் ஆன்டிபயாட்டிக் ஐந்து நாளைக்கு. பஸ் வருடம் முழுக்க.

அதே பெண் வீட்டுக்கு வந்ததும் இரண்டாவது ஷிஃப்ட் ஆரம்பிக்கும். ஆணின் நாலு மணி நேரப் பயணம் தூக்கத்தில் இருந்து போகிறது என்றேன். பெண்ணிடம் உருவத் தூக்கமே மிச்சம் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் "தூரமா இருக்கு, அவ வேலையை விட்டுட்டா" என்று கதை முடிகிறது. அவளுக்குச் சம்பளம் குறைவு, அதனால் அவள் விடுவதுதான் லாபம் என்று கணக்குச் சொல்வார்கள். பக்கத்திலேயே குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை, "ரெண்டாயிரம் கூட வருதே" என்று பஸ் ஏற்றி அனுப்பியதும் பெரும்பாலும் அதே வீடுதான்.

இங்கே கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தில் "இலவசப் பேருந்து வசதி" என்று போடுகிறீர்கள். சலுகையாம். பஸ்ஸுக்குக் காசு வாங்கவில்லை, சரி. ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து அவர்களுடைய நாலு மணி நேரத்தை இலவசமாக வாங்கிக்கொள்கிறீர்களே, அது யார் யாருக்குச் செய்யும் சலுகை? 2010-ல் இஎஸ்ஐ சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது, 51இ பிரிவு. வீட்டில் இருந்து வேலைக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்தால், நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு பொருந்தினால், அதை வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆக, வழியில் அடிபட்டால் அது வேலை. பத்திரமாக வந்து சேர்ந்தால் அது உன் சொந்த நேரம்!

விபத்து என்றதும் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். சும்மா ஊருக்கு உபதேசம் என்று யாரும் சொல்லக்கூடாது.

பிஜி முடித்த புதிதில் எனக்கும் இரண்டு வேலை கிடைத்தது. செங்கல்பட்டில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று. சிட்டிக்குள்ளே ஒன்று, சம்பளம் ஒன்றரை மடங்கு. நான் எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. ஜிஎஸ்டி ரோட்டில் பைக், போக வர தினமும் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். எட்டாவது மாதம், ராத்திரி பத்தரை மணி, பெருங்களத்தூர் தாண்டி வரும்போது தூங்கிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பின்னால் வந்த லாரி அடித்த ஹாரன் எழுப்பியது. கண்ணைத் திறந்தால் மீடியன் அரை அடியில். விழுந்து முழங்கையோடு போனது. ஹெல்மெட் இருந்தது.

காலை ஐந்து மணிக்கு எழுந்தவன் ராத்திரி பத்தரைக்கு வண்டி ஓட்டினால் பதினேழரை மணி நேரம் விழித்திருக்கிறான் என்று பொருள். 17 முதல் 19 மணி நேரம் விழித்திருப்பவர்களின் செயல்திறன், சில சோதனைகளில், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்கோ அதைவிடவோ மோசமாக இருந்தது என்று 2000-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். நான் ஒரு சொட்டு குடிக்காமல் வரம்பைத் தாண்டிய ஆள் மாதிரி ஓட்டியிருக்கிறேன். ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டியிருக்காது.

அடுத்த வாரமே வேலையை விட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. இன்னும் ஏழு மாதம் போனேன். கார் வாங்கினேன், அதற்கு இஎம்ஐ கட்ட அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. இப்படித்தான் மாட்டுகிறோம். தூரத்து வேலைச் சம்பளத்தை நம்பி ஒரு கடன் வாங்குவோம், அப்புறம் அந்தக் கடனுக்காகத் தூரத்து வேலைக்குப் போவோம்.

அப்போ தூரமா இருந்தா போகவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஊரில் வேலையே இல்லாதவர், கட்டட வேலைக்கு விடியற்காலை முதல் வண்டியில் வருபவர், கந்து வட்டிக்காரன் வாசலில் நிற்பவர், இவர்கள் யாருக்கும் இந்த த்ரெட் இல்லை. அவர்களுக்கு இது முடிவே அல்ல, நிலைமை. படித்து முடித்து முதல் வேலை, அங்கே போனால்தான் தொழிலே கற்றுக்கொள்ள முடியும் என்றால் போங்க. குறிப்பிட்ட ஒரு கடனை அடைக்க ஒன்றரை வருடம் என்றாலும் போங்க. ஆனால் முடியும் தேதியை இன்றைக்கே காலண்டரில் எழுதி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்க. "கொஞ்ச நாளைக்குத்தான் சார்" என்று சொன்னவர்களிடம் தேதி கேட்டிருக்கிறேன். இதுவரை ஒருவர் மட்டும்தான் தேதி சொன்னார். அவர் சொன்னபடி வெளியேயும் வந்தார்.

நான் பேசுவது, கையில் ஒரு வேலையும் இன்னொரு ஆஃபரும் வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களிடம். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை லீவு போடுங்க. ஞாயிற்றுக்கிழமை இல்லை, திங்கட்கிழமை. கூகுள் மேப்பை நம்பாதீங்க, அதுக்கு ஷேர் ஆட்டோ நிரம்பக் காத்திருப்பது தெரியாது. ஆபீஸ் நேரத்துக்குப் போய்ச் சேருகிற மாதிரி வீட்டில் இருந்து கிளம்பி, அந்த வாசலைத் தொட்டு, சாயங்காலம் அதே கூட்டத்தில் திரும்பி வாங்க. அன்றைக்கு ராத்திரி நான் மேலே போட்ட கணக்கை உங்க எண்களை வைத்துப் போடுங்க. அப்புறம் இந்த நேரம் எதில் இருந்து வரப்போகிறது என்று ஒரு பேப்பரில் எழுதுங்க. தூக்கமா, நடையா, பிள்ளையா. "எல்லாத்துல இருந்தும் கொஞ்சம் கொஞ்சம்"னு எழுதாதீங்க, அது பொய்.

சம்பளப் பேச்சில் நேரத்தையும் பேசுங்க. கூட்டம் இல்லாத ஷிஃப்ட், வாரம் இரண்டு நாள் வீட்டில் இருந்து வேலை. ஐயாயிரம் கூடக் கேட்பதை விட இதைக் கேட்பது லாபம். வீட்டை மாற்ற முடியுமென்றால் அந்த 7,500-ல் வாடகை வித்தியாசத்தைப் பாருங்க. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் வாடகைக்குப் போவது கேவலம் இல்லை. அதை நம்ம ஊரில் கேவலம் என்று நினைப்பதால்தான் பல பேர் ஜிஎஸ்டி ரோட்டிலேயே குடியிருக்கிறார்கள்.

ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பவர்கள்: 30 வயது தாண்டியிருந்தால் வருடம் ஒருமுறை சுகர், பிபி பாருங்க. மதியம் சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்க, அது ஒன்றுதான் உங்க நாளில் உங்க கையில் இருக்கும் பத்து நிமிடம். ரயிலில் தூக்கம் வந்தால் தூங்குங்க, தப்பில்லை, ஆனால் அதை ராத்திரித் தூக்கத்தின் கணக்கில் சேர்க்காதீங்க. தூக்கம் சொக்கும்போது ஸ்டேஷனில் நிறுத்திய பைக்கை எடுக்காதீங்க, யாரையாவது வரச் சொல்லுங்க.

கடைசியாக அந்தத் தம்பி. மெட்ஃபார்மின் ஆரம்பித்திருக்கிறேன். போன வாரம் வந்தார். மறைமலை நகரில் ஒரு கம்பெனி கூப்பிடுகிறதாம், 42,000. வீட்டில் இருந்து இருபது நிமிடம். அண்ணன் ஃபோனில் திட்டுகிறாராம், "எவனாவது சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டுப் போவானா?" என்று.

"போகலாமா சார்?"

இந்த முறை கை கொடுக்கவில்லை. நோட்பேடைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, அவரையே கணக்குப் போடச் சொன்னேன். 9 மணி நேரம் 40 நிமிடம், 26 நாள், 251 மணி நேரம். மணிக்கு 167 ரூபாய். இப்போ வாங்கும் 135-க்குப் பக்கத்தில் எழுதினார். ஷேர் ஆட்டோ, பூரி, பஜ்ஜியைக் கழித்து பெட்ரோலைச் சேர்த்தால் மாதம் உண்மையில் குறையப்போவது சுமார் 4,000. இஎம்ஐ அப்படியேதான் இருக்கும், அந்த 4,000-க்கு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மனைவியிடம் காட்டணும் என்று பேப்பரைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வர்ற திங்கட்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். என்ன முடிவு எடுத்தார்னு அவர் அனுமதியோட இங்கேயே கீழே சேர்க்கிறேன். அதுவரைக்கும் உங்க வாசல்-டு-வாசல் கணக்கைப் போட்டு கமெண்ட்ல சொல்லுங்க.